நாளைய மனத்தை இன்று அளத்தல்

கல்முனையிலிருந்து தெற்கே செல்லும் பெருந்தெரு சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்களைக் கோத்துக்கொண்டு போய், தம்பிலுவில், திருக்கோவில், வினாயகபுரம் என்பவற்றைக் கடந்து, கோமாரி வழியாகப் பொத்துவிலை அடைகின்றது. ஒருபுறம் கடல்; மறுபுறம் வயலும் களப்பும். இடையிற் கிடக்கும் ஒடுங்கிய மணற்றரையிலேதான் முஸ்லிம்களும் தமிழரும் ஊர்மாறி ஊராக, ஒரே மொழியைப் பேசி, நெடுங்காலம் வாழ்ந்து வருகின்றனர். 2004 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பூரணை தினத்தன்று காலை, சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியிலே நிகழ்ந்த பெருநிலநடுக்கத்தின் விளைவு ஏறத்தாழ இரண்டு மணிநேரத்தில் இக்கரையை அலையாக வந்து அடைந்தது. இலங்கையில் உயிரிழந்தோர் 30,000 பேருக்கு மேற்பட்டோர். அவருள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் அம்பாறை மாவட்டத்தவர். நாட்டின் மாவட்டங்களுள் இதனிலும் மிக்க இழப்பைக் கண்டது பிறிதில்லை.

யார் யார் இறந்தனர் என்பதைப் பின்னர் ஆராய்ந்தோர் உண்டு. இம்மாவட்டத்தின் அகதி முகாம்களில் தங்கியிருந்த 859 குடும்பங்களைச் சேர்ந்த 3,533 பேரைப் பற்றிய கணக்கெடுப்பு 2006 இல் வெளிவந்தது. ஆண்களில் நூற்றுக்கு 8.2 பேர் இறந்திருக்க, பெண்களில் நூற்றுக்கு 17.5 பேர் இறந்திருந்தனர். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிலோ மூவரில் ஒருவர் எனத்தக்க அளவினர் மாண்டனர். அலை வந்த வேளையில் வீட்டினுள் இருந்தமை உயிருக்கு உலை வைத்தது. ஆகவே, அலைக்குப் பின் எஞ்சிய இல்லங்கள் பலவற்றில் மனைவியையும் பிள்ளைகளையும் இழந்த ஆடவர் தனித்து நின்றனர்.

இங்ஙனம் நின்றவரிடத்திலே முதற் சில வாரங்களில் கேட்கப்பட்ட வினாக்கள் சில உள. இனிக் கடலோரத்தில் குடியிருக்க மனம் இடங்கொடுக்குமா? இனித் தோணியேறுவீர்களா? வேறு தொழில் தந்தால் ஏற்பீர்களா? உதவ வந்தோர் நன்னோக்குடனேயே வினவினர். அரசும் 2005 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வடக்குக் கிழக்குக் கரைகளில் 200 மீட்டர் வரையும் ஏனைய கரைகளில் 100 மீட்டர் வரையும் எவரும் மீண்டும் வீடு கட்டலாகாது என்று விதித்தது. இவையாவும் மண்ணையும் பாதுகாப்பையும் பற்றிய வினாக்கள் போலத் தோன்றும். ஆயினும் அவற்றின் உள்ளே வேறொரு வினா ஒளிந்திருந்தது. ஓராண்டு கழித்து, ஐந்தாண்டு கழித்து, உன் உள்ளம் எவ்வாறிருக்கும் என்பதே அது. பேரிடி விழுந்த மனிதர் இவ்வினாவுக்கு விடைசொல்ல வல்லரோ என்பதைப் பற்றி உளநூலார் ஆராய்ந்த வரலாறு சுவையானது. இக்கரையோரத்து மக்களுக்கு அது வெறும் ஏட்டறிவும் அன்று.

பேரிடி விழாதவரே இதில் தவறுகின்றனர் என்பதை முதலிற் கூறவேண்டும். பொருளியலின் தந்தையெனப் போற்றப்படும் ஆதம் சிமித், 1759 இல் வெளியிட்ட ஒழுக்கவுணர்வு பற்றிய நூலில், கால் இழந்து மரக்கால் பூண்டவனை எடுத்துக்காட்டினார். அவன் வாழ்நாள் முழுதும் துன்பத்திலேயே உழல்வான் என்று மற்றவர் எண்ணுவர். அவனோ நாளடைவில் தன் நிலைக்கு இயைந்து அமைதியடைகின்றான் என்பது அவர் கண்ட உண்மை. இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் இது தத்துவ அறிஞரின் கூர்நோக்காகவே நின்றது. கடந்த நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டிலேயே அமெரிக்க உளநூலார் தானியல் கில்பேட், திமோதி வில்சன் என்போர் இதனை அளந்து பார்க்கத் தொடங்கினர். உணர்ச்சி முன்கணிப்பு என அதற்குத் தமிழிற் பெயரிடலாம். பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பதவியை எதிர்நோக்கி நின்ற இளம் விரிவுரையாளரிடம், பதவி கிடையாவிடின் பின்வரும் ஆண்டுகளில் எவ்வளவு வருந்துவீர்கள் என்று அவர்கள் கேட்டனர். பெருந்துயரை அவர்கள் முன்கூறினர். முன்னரே பதவி மறுக்கப்பட்டிருந்தோரை விசாரித்தபோதோ, அவர்களின் மகிழ்ச்சி பதவி பெற்றோரின் மகிழ்ச்சிக்கு அவ்வளவு குறைந்ததாயிருக்கவில்லை. இவ்வாய்வு 1998 இல் அச்சேறியது.

உடலுக்கு நோயெதிர்ப்பு ஆற்றல் இருப்பது போல உள்ளத்துக்கும் ஓர் ஆற்றல் உண்டென்றும், அஃது ஓசையின்றித் தொழிற்படுதலின் வருங்காலத்தைக் கணிக்கும் மனிதன் அதனைக் கணக்கிற் சேர்க்க மறந்துவிடுகின்றான் என்றும் அவர்கள் விளக்கினர். துன்பம் வரும் என்பதை மனிதன் சரியாகவே அறிவான். எத்துணைப் பெரிது, எத்துணை நாள் என்பவற்றிலேதான் அவன் கணக்குப் பிழைக்கின்றது. இன்பத்திலும் இவ்வாறே.

விரிவுரையாளரின் பதவியும் கடலோரத்துத் தந்தையின் இழப்பும் ஒரு தராசில் வைக்கத்தக்கன அல்ல. ஆகவே வரலாற்றின் மற்றொரு கிளையையும் நோக்குதல் வேண்டும்.

அமெரிக்க உள்நாட்டுப் போரிற் கலந்த வீரரின் படபடப்பையும் மூச்சுத்திணறலையும் ஆராய்ந்த வைத்தியர் த கொஸ்தா, அதனை இதயத்தின் கோளாறெனக் கருதி 1871 இல் எழுதினார். முதலாம் உலகப் போரின்போது, 1915 இல், சாள்ஸ் மயேர்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர், எறிகணை வெடித்தபின் பார்வையும் நினைவும் குன்றிய மூன்று வீரரைப் பற்றி வைத்திய இதழொன்றில் எழுதியபோது, எறிகணை அதிர்ச்சி என்னும் தொடர் ஏறிற்று. அதே போரில் ஸ்கொத்லாந்தின் கிரெய்க்லொக்காட் ஆஸ்பத்திரியில் வீரரைப் பராமரித்தவர் றிவேர்ஸ். தமிழர் இவரைச் சிறப்பாக நினைவிற்கொள்ளலாம். நீலகிரி மலையில் தோதுவர் மத்தியில் தங்கி ஆராய்ந்து, அம்மக்களைப் பற்றி 1906 இல் பெருநூல் வெளியிட்டவர் இவரே. போரை மறந்துவிடு, இனியவற்றையே நினை என்று நோயாளருக்கு உபதேசிப்பது அக்கால வழக்கம். அவ்வுபதேசமே இரவுகளைக் கொடியனவாக்குகின்றது என்று றிவேர்ஸ் 1917 இல் வைத்தியர் சபையொன்றில் எடுத்துரைத்தார். விலக்க விலக்க நினைவு வலுக்கும் என்பது அவர் கருத்தின் சாரம்.

வியத்நாம் போர் முடிந்தபின், 1980 இல், அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தனது நோய் விளக்க ஏட்டின் மூன்றாம் பதிப்பில் இந்நிலைக்குத் தனி இடம் அளித்தது. இலங்கைத் தமிழில் நெருக்கீட்டின் பின்னான மனவடு நோய் என அது வழங்கலாயிற்று. மனவடு என்னும் சொல் எத்துணைப் பொருத்தமானது! புண் ஆறியபின்னும் நிற்பது வடு. யாழ்ப்பாணத்திற் போர்க்காலத்தில் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் தமிழ் மக்களின் உள்ளத்திற் பதித்தவற்றை 1998 இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். தனிமனிதர் மட்டுமன்றி ஊரே வடுப்படுகின்றது என்பதை அவர் பின்னரும் வற்புறுத்தி எழுதி வந்தார்.

மேற்கூறிய ஏடு 1987 இல் திருத்தப்பட்டபோது, நோயின் குறிகளோடு புதிதாக ஒன்று சேர்ந்தது. வருங்காலம் குறுகிவிட்டதென்னும் உணர்வு என அதனைத் தமிழிற் கூறலாம். தனக்குத் தொழிலோ, விவாகமோ, பிள்ளைகளோ, நீண்ட ஆயுளோ வாய்க்குமென்று நோயாளி எதிர்பார்ப்பதில்லை. இக்குறியை உளநூலார் கண்டுகொண்ட வரலாற்றில் குழந்தைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. 1976 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் கலிபோர்னியாவின் சௌச்சில்லா என்னும் சிற்றூரில், பாடசாலைப் பேருந்தில் வந்த 26 பிள்ளைகளும் சாரதியும் கடத்தப்பட்டு, கல்லுடைக்கும் இடமொன்றில் மண்ணுட் புதைத்த வண்டிப்பெட்டியில் அடைக்கப்பட்டனர். அவர்கள் தாமே மேற்புறத்தைத் தோண்டித் தப்பினர். ஒருவரும் இறக்கவில்லை, பெரிய காயமும் இல்லை. பிள்ளைகள் விரைவில் மறந்துவிடுவர் என்றே ஊரார் எண்ணினர். லெனோர் தேர் என்னும் உளமருத்துவர் அப்பிள்ளைகளைச் சந்தித்து, நான்கைந்து ஆண்டுகள் கழித்து மீண்டும் சந்தித்தார். இளமையிலேயே தாம் இறந்துபோவோம் என்றும், மற்றொரு பேரிடர் நிச்சயம் வருமென்றும் பலர் நம்பியிருந்ததைக் கண்டார். கடந்தது அவர்களின் பின்னே நிற்காமல் முன்னே போய் நின்றுகொண்டது.

இஃது ஏன் நிகழ்கின்றது? விடை, எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. கனடாவில் ரொறன்ரோ நகரத்தைச் சார்ந்த ஒருவர் 1981 இல் விபத்தொன்றில் மூளை காயமுற்றார். எண்ணும் எழுத்தும் அவருக்கு நினைவிருந்தன. உலக விடயங்கள் தெரிந்திருந்தன. தம் வாழ்வில் நடந்த ஒரு சம்பவத்தையேனும் அவரால் மீட்டுக் காணமுடியவில்லை. என்டெல் துல்விங் என்னும் பேராசிரியர் அவரிடம், நாளை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அவர் மனம் வெறுமையாயிருந்தது. நேற்றைக் காணமுடியாதவர் நாளையையும் காணமுடியாதவராயிருந்தார். பழைய நினைவுகளே வருங்காலக் காட்சிக்கு மரமும் கல்லும் என்பது இதனால் விளங்கிற்று.

மனவடு நோயுற்றவருக்கு நினைவு அழிவதில்லை, வேறுவகையிற் பழுதுபடுகின்றது. ஒரு நாள் மட்டும் கண்முன்னே மீண்டும் மீண்டும் தோன்றும். ஏனைய நாள்களோ பொதுப்பட மங்கிவிடும். மகிழ்ந்த ஒரு நாளைச் சொல் என்றால், முன்பு நன்றாயிருந்தோம் என்பர். அந்த நாள் எது, அன்று யார் வந்தார், என்ன சமைத்தார் என்பது எழும்பி வராது. தற்கொலைக்கு முயன்றோரிடம் இப்பொதுமைப்பட்ட நினைவை இங்கிலாந்தின் மார்க் வில்லியம்சு 1986 இல் எடுத்துக்காட்டினார். அமெரிக்காவில் ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து மீண்ட வீரரைப் பற்றி 2013 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மனவடுவுற்றவர் கடந்தகாலத்தைப் பொதுப்படச் சொல்வது போலவே வருங்காலத்தையும் பொதுப்படவே கற்பனை செய்கின்றனர் என்று கண்டது. அடுத்த பெருநாளன்று மகளின் வீட்டில் இருப்பேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில், ஏதோ நாள் போகும் என்பதே வருகின்றது. கல்லும் மரமும் இன்றி வீடு எழும்பாதன்றோ?

இதிலிருந்து ஒரு வேறுபாடு புலனாகும். சாதாரண மனிதன் இன்பம் துன்பம் இரண்டையுமே மிகைப்படக் கணிக்கின்றான். மனவடுவுற்றவனின் கணக்கோ ஒருபக்கமாகச் சாய்கின்றது. வரக்கூடிய இன்பம் அவனுக்கு மரத்துத் தோன்றும். வரக்கூடிய அச்சம் நடந்தேறியது போல உறுதியாகத் தோன்றும். இன்னொன்றும் உண்டு. சாதாரண மனிதனின் பிழையை நாட்களே திருத்திவிடுகின்றன. அஞ்சியபடி நடவாமை கண்டு அவன் தெளிவான். மனவடுவுற்றவனோ அஞ்சும் இடத்துக்குப் போவதேயில்லை. போகாதவரை அவன் கணிப்பு பொய்யாவதற்கு வாய்ப்பேயில்லை. அச்சத்தை ஆராய்ந்த ஸ்தான்லி ராக்மன் என்பாரும் அவர் தோழரும், அஞ்சுவோர் தாம் அடையப்போகும் அச்சத்தைப் பெரும்பாலும் கூட்டியே மதிப்பிடுகின்றனர் என்றும், சில முறை நேரே எதிர்கொண்டபின் அம்மதிப்பீடு தானே இறங்குகின்றது என்றும் 1980 களிற் கண்டனர். அச்சத்துக்குரியதைச் சிறிது சிறிதாக அணுகுவிக்கும் இக்காலச் சிகிச்சை இதனைத் துணைக்கொள்கின்றது. கரைக்குப் போகுமுன், எவ்வளவு அஞ்சுவேன் என்பதை ஓர் எண்ணாகக் குறித்து வைத்தல். போய்த் திரும்பியபின் உண்மையில் எவ்வளவு அஞ்சினேன் என்பதை அருகில் எழுதுதல். இரு எண்களுக்கும் இடையிலுள்ள தூரமே மருந்து.

கிழக்குக் கரையின் அனுபவத்தை இவ்விளக்கொளியில் நோக்கினால் பல விடயங்கள் துலங்கும். ஆழிப்பேரலையை அடுத்த வாரங்களில் இலங்கையிலும் தமிழ்நாட்டுக் கரையிலும் மக்கள் மீன் உண்பதை நிறுத்தினர். கடலிற் போன உடல்களை எண்ணி எவருக்கும் வாய் கூடவில்லை. இனி ஆயுளுக்கும் மீன் இல்லை என்று சொன்னோர் பலர். கடற்றொழிலாளர் வலை இருந்தும் விற்க வழியின்றி இருந்தனர். சில மாதங்களிற் சந்தை மீண்டது. மீனைப் பற்றிய கணிப்பு நாள்தோறும் அடுப்படியிற் சோதனைக்குள்ளாவது. அதனால் அது விரைவில் திருந்திற்று. கடலைப் பற்றிய கணிப்பு அங்ஙனமன்று. தோணியும் வலையும் இழந்தவனுக்குக் கடலை மீண்டும் சோதித்துப் பார்க்கும் கருவியே இல்லை. புதுத் தோணி வருமளவும் அவன் அச்சம் கரையிலேயே காத்திருந்தது. கடற்றொழிலாளருக்குத் தோணி கொடுப்பது பொருளுதவி என்றே கணக்கேடுகள் குறிக்கும். அஃது உளமருந்தாகவும் இருந்ததென்று சொல்வது மிகையாகாது.

மனம் ஒன்று சொல்ல உடல் வேறொன்று சொல்வதும் உண்டு. 2005 மார்ச் 28 ஆம் நாள் இரவு சுமாத்திராவுக்கு அருகில் மீண்டும் பெருநிலநடுக்கம் நிகழ்ந்தது. எச்சரிக்கை கேட்டு இலங்கைக் கரையெங்கும் மக்கள் இருளில் உள்நாடு நோக்கி ஓடினர், பேரலை வரவில்லை. 2012 ஏப்ரல் 11 ஆம் நாள் பிற்பகலில் அதுவே மீண்டும் நிகழ்ந்தது. ஏழாண்டுகள் கடந்திருந்தன, வீடுகள் எழும்பியிருந்தன, அச்சம் போயிற்று என்று நம்பியிருந்தோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். துயரம் தணியும் என்பதை உணராமல் தவறுவது ஒருவகை; தணிந்தது மீளாது என்று நம்பித் தவறுவது மற்றொருவகை. ஓடியது பிழையென்று எவரும் கூறார். முன்பு ஓடத் தெரியாமலன்றோ, கடல் உள்வாங்கியபோது கரையோரங்களிற் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கவும் மீன் பொறுக்கவும் இறங்கினர்.

இவ்விடத்தில் உளநூலாரிடம் எதிர்வினா ஒன்று எழுப்புதல் தகும். வருங்காலம் குறுகிவிட்டதென்னும் உணர்வை நோயின் குறி என்கின்றனர். இக்கரையில் ஐம்பது அறுபது ஆண்டு வாழ்ந்த ஒரு தாய் எவற்றைக் கண்டிருப்பாள்? 1978 நவம்பரில் மட்டக்களப்பையும் அயலையும் சூறாவளி அழித்தது. 1985 இல் தமிழரும் முஸ்லிம்களும் மோதுண்டு காரைதீவு முதலாய ஊர்களில் வீடுகள் எரிந்தன. 1990 இல் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். வீரமுனையில் அகதிகளாய்த் தஞ்சம் புகுந்தோர் கொல்லப்பட்டனர். பின் 2004. பின் கிழக்கில் 2007 வரை நீடித்த போர். 2011 சனவரியில் பெருவெள்ளம். 2019 ஏப்ரலில், உயிர்த்தெழுந்த ஞாயிறுத் தாக்குதல்கள் நிகழ்ந்து ஐந்தாம் நாள் இரவு, சாய்ந்தமருதிலே குண்டுகள் வெடித்துக் குழந்தைகளும் மடிந்தனர். ஒன்றும் நிலைக்காது என்று அத்தாய் சொல்வாளாயின், அது நோயா, அனுபவமா? கலிபோர்னியாவின் பிள்ளைக்கு இரண்டாம் முறை கடத்தப்படுதல் நிகழாத ஒன்று. இக்கரைத் தாய்க்கு இரண்டாவதும் வந்தது, மூன்றாவதும் வந்தது. அமெரிக்க ஏட்டின் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பில் அக்குறி தனித்து நில்லாமல், தன்னையும் உலகையும் பற்றிய மிகைப்பட்ட எதிர்மறை நம்பிக்கைகள் என்னும் பரந்த குறியினுள் அடங்கிற்று. மிகைப்பட்ட என்னும் அச்சொல்லே இங்கு சிக்கல். எந்த அளவுக்கு மேற்பட்டது மிகை என்பதைக் கொழும்பிலோ வாஷிங்டனிலோ இருந்து அளக்கமுடியாது.

நிகழ்ச்சியைப் பற்றிய கணிப்பு வேறு, உணர்ச்சியைப் பற்றிய கணிப்பு வேறு என்று பிரித்துக்கொண்டால் ஓரளவு தெளிவு பிறக்கும். மீண்டும் இடர் வரும் என்பதில் அத்தாய் தவறாதிருக்கலாம். இடருக்கு இடையே வரும் நாள்களிலும் தனக்கு மகிழ்ச்சி எழாது என்று அவள் சொல்லும்போதே கணக்கு வழுவுகின்றது. பேரன் முதன்முறை பாடசாலைக்குச் செல்லும் காலையில் அவள் நகைப்பாள். நகைப்போம் என்பதை அவள் முன்னறிய மாட்டாள்.

இவ்வழுவை உளநூல் பிறக்குமுன்பே முன்னோர் ஒருவாறு உணர்ந்திருந்தனர் என்று கருத இடமுண்டு. கணவனை இழந்த முஸ்லிம் பெண் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கின்றாள். அக்காலம் முடியுமுன் மறுமணத்தை உறுதிசெய்தல் ஆகாது. சைவர் இல்லங்களில் எட்டு, முப்பத்தொன்று, ஆட்டைத் திவசம் என நாட்கள் வகுக்கப்பட்டுள்ளன. இவற்றின் சமய நோக்கு வேறு. அதனை உளநூலாகச் சுருக்குதல் தகாது. ஆயினும் துயரின் உச்சியில் நிற்பவரிடம் வாழ்நாள் முடிவைக் கேளாதே என்னும் நாகரிகம் அவற்றினுள் அமைந்திருக்கின்றது. 2005 இன் வினாப்பத்திரங்களுக்கு அந்நாகரிகம் தெரிந்திருக்கவில்லை.

காணாமற்போனோரின் குடும்பங்களுக்கோ எட்டும் இல்லை, முப்பத்தொன்றும் இல்லை. எந்நாளிலிருந்து எண்ணுவது? அமெரிக்க மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ், 1990 களில் மட்டக்களப்புப் பகுதியின் அம்மன் கோயில்களில் நடந்தவற்றை ஆராய்ந்தார். பிள்ளையைத் தேடும் தாய்மார் தெய்வமேறியோர் முன் நின்று வாக்குக் கேட்டனர். இருக்கின்றானா, வருவானா என்பது வினா. அவ்வாக்கு மெய்யாயிற்றா என்பதைக் காட்டிலும், பேச இடமில்லாத காலத்தில் துயரைப் பலர் முன்னிலையிற் சொல்ல ஓரிடம் இருந்ததே என்பதை அவர் முக்கியமாகக் கருதினார். உளமருத்துவர் மிகச் சிலரே இருந்த கிழக்கில் இது சிறிய தொண்டன்று.

வருங்காலத்தைக் காண்பதற்கு இக்கரையார் கைக்கொள்ளும் உருவம் ஒன்றுண்டென்றால் அது வீடு. கல்முனை முதல் பொத்துவில் வரை தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் தாய்வழிக் குடிமுறை வழங்குகின்றது. பெண்ணுக்குச் சீதனமாக வீடு கொடுக்கப்படுகின்றது. மணமகன் பெண்வீடு வந்து சேருகின்றான். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆராய்ந்த டெனிஸ் மக்கில்றே இதனை விரிவாக எழுதியுள்ளார். பெண்குழந்தை தவழும்போதே கல்லும் சீமெந்தும் சேர்க்கத் தொடங்குவர். இருபது ஆண்டுக்குப் பின் வரும் ஒரு நாளின் மகிழ்ச்சியை முன்கணித்து, அதற்காக இன்றே செங்கல் அடுக்குதலன்றோ அது? அலை அடித்தபோது போனது கூரை மட்டுமன்று. இருபது ஆண்டுக் கணிப்பும் போயிற்று. அலைக்குப்பின் இப்பகுதித் தாய்மார் தமக்குக் கிடைத்த வீட்டையும் மகளுக்கே எழுதிவைக்க விழைந்தனர் என்பதை மக்கில்றேயும் லோறன்சும் எடுத்துரைத்தனர். உதவி நிறுவனங்களோ பெரும்பாலும் குடும்பத் தலைவன் என்று ஆண்பெயரை எழுதின. தனக்கென வருங்காலம் இல்லையென்று சொல்லும் தாய், மகளுக்கென ஒரு வருங்காலத்தைக் கேட்டு நிற்கின்றாள். நோய் விளக்க ஏடுகளில் இதற்கு இடமில்லை.

கடலோரத் தடையை ஒட்டிய கதை அடுத்த சில ஆண்டுகளில் எவ்வாறு சென்றதென்பதும் கூறத்தக்கது. ஒடுங்கிய நிலத்தில் 200 மீட்டரை விட்டுவிட்டால் கல்முனைப் பகுதியிற் குடியிருக்க எஞ்சுவது சிறிது. கரையை விட்டால் தொழிலில்லை என்று கடற்றொழிலாளர் வாதாடினர். கடல் வேண்டாம் என்றவரிற் பலரும் கடலருகே நிலம் கேட்டனர். 2005 இன் இறுதியிலிருந்து தடை தளர்ந்தது. மருதமுனையில் 65 மீட்டர் என்னும் அளவே ஒரு வீட்டுத்திட்டத்தின் பெயராய் நிலைத்துவிட்டது. அக்கரைப்பற்றுப் பிரதேசத்தில் நுரைச்சோலை என்னுமிடத்தில், அலையில் வீடிழந்தோருக்கெனச் சவூதி அரேபியாவின் நிதியுதவியால் 500 வீடுகள் கட்டப்பட்டன. பாடசாலையும் பள்ளிவாசலும் ஆஸ்பத்திரியும் உடனெழுந்தன. வீடுகளை எவருக்குக் கொடுப்பது என்பது இனப்பிணக்காகி, வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. கட்டிமுடித்த வீடுகள் பத்தாண்டுக்கு மேல் ஆளின்றிக் கிடந்தன. சுவரிற் செடி முளைத்தது, கதவும் சாளரமும் களவு போயின. அலை வந்த ஆண்டில் பத்து வயதாயிருந்த பெண்பிள்ளைக்கு 2014 இல் இருபது வயது. அவளுக்கு வீடு எங்கே என்று கேட்ட தாயிடம் அப்போது எவரும் வினாப்பத்திரம் கொண்டுவரவில்லை.